கை படாமல் கம்பெனி நடத்துவது எப்படி?

வாழ்த்துகள்! பெங்களூர் நட்சத்திர விடுதியில் கருத்தரங்கு கேட்டு, நவீனமாகாத தொழில் நாசமாகும் என்பதை ஸ்லைடு ஸ்லைடாகப் பார்த்து, இலவசப் பையோடு கோவை திரும்பியிருக்கிறீர்கள். உங்கள் அப்பா கணபதியில் ஒரே ஒரு லேத்தை வைத்துத் தொடங்கிய பம்ப்செட் கம்பெனியோ, நீங்கள் திரும்பி வந்த பிறகும் பழையபடியே ஓடிக்கொண்டிருக்கிறது. பம்ப் விற்கிறது, தண்ணீர் இறைக்கிறது, லாபம்கூட வருகிறது. வெட்கக்கேடு.

கவலை வேண்டாம். ஏஐ, கிளவுட், அவுட்சோர்சிங் என்று மூன்று ஆயுதங்கள் இருக்கின்றன. இந்தக் கையேட்டின்படி நடந்தால், சொந்தக் கம்பெனியில் நடக்கும் எதற்கும் நான் பொறுப்பில்லை என்று சொல்லும் உன்னத நிலையை எட்டிவிடலாம். பாதிப் படிகளை நீங்கள் ஏற்கெனவே ஏறிவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். மீதியையும் ஒரே மூச்சில் ஏறிவிடுங்கள்.

படி 1: விஷயம் தெரிந்தவரை முதலில் அனுப்புங்கள்

மென்பொருள் வாங்கும் முன்னால், இப்போது வேலை எப்படி நடக்கிறது என்று எழுதி வைக்கச் சொல்லும் ஆசாமிகள் வருவார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எழுத உட்கார்ந்தால் கம்பெனி உண்மையில் எப்படி ஓடுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம் எதையும் மாற்ற மனசு வராது.

நேராகச் சம்பளப் பட்டியலை எடுங்கள். ஸ்டோர்ஸில் உங்கள் அப்பா காலத்திலிருந்து இருக்கும் அண்ணன் ஒருவர் பெயர் வரும். ஐப்பசி மழையில் எந்தப் பட்டறையின் வார்ப்பை வாங்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். மணலில் ஈரம் தங்கினால் வார்ப்புக்குள் காற்றுத் துளை விழும். பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, வயலில் அழுத்தம் ஏறும்போதுதான் கசியும். அண்ணன் லாரியிலிருந்து இறக்கும்போதே புரட்டிப் பார்த்து ஓரமாக ஒதுக்கிவிடுவார். இது எந்தக் கோப்பிலும் இல்லை. ஆகவே கணக்குப்படி அவர் செய்யும் வேலை பூஜ்யம்.

விஆர்எஸ் கொடுங்கள். சால்வை, மாலை, குரூப் போட்டோ எதிலும் குறை வைக்காதீர்கள். அவருக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு வாரம் போதும். அந்த வாரத்தை போட்டோவுக்கு ஃபிரேம் போட ஒதுக்குங்கள்.

படி 2: கன்சல்டன்ட் வையுங்கள்

பம்பைப் பற்றி ஒன்றும் தெரியாதவராகப் பாருங்கள். தெரிந்தவர் கேள்வி கேட்பார். தெரியாதவர் அறிக்கை கொடுப்பார்.

அறிக்கையை ஏஐ எழுதியிருக்குமோ என்ற சந்தேகம் வேண்டாம், எழுதியிருக்கும். ஆஸ்திரேலிய அரசின் வேலைவாய்ப்புத் துறைக்கு டெலாய்ட் நிறுவனம் ஏறத்தாழ 4,40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. அதில் உலகத்திலேயே இல்லாத ஆய்வுக் கட்டுரைகள் ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்தன. 2025இல் விஷயம் வெளியே வந்து, கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவும் எதனால் தெரியுமா? பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவர் அதை உட்கார்ந்து படித்துவிட்டார். உங்களுக்கு அந்த ஆபத்து கிடையாது. உங்கள் அறிக்கையை யாரும் படிக்கப்போவதில்லை, நீங்கள் உட்பட.

படி 3: புதிய ஈஆர்பி மென்பொருளை ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்குங்கள்

நாள் குறிப்பது முக்கியம். ஆடி மாதம் ஆற அமர ஆரம்பிக்கலாமே என்பார்கள். ஆடியில் வியாபாரம் மந்தம், தப்பு நடந்தால்கூட யாருக்கும் தெரியாது. அதில் என்ன சுவாரசியம்? கிணறு வற்றி, போர்வெல்லில் தண்ணீர் இறங்கி, டீலர்கள் சரக்குக்காகப் பறக்கும் நேரம் பங்குனி மாதம். அதுதான் முகூர்த்தம். வருடக் கணக்கு முடிக்கும் அமளியும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 112 மில்லியன் டாலர் செலவழித்து புதிய மென்பொருள் போட்டது. நான்கு வருட வேலையை இரண்டரை வருடத்தில் முடிக்கச் சொல்லி நெருக்கி, 1999 ஜூலையில் இயக்கினார்கள். ஹாலோவீன் பண்டிகைக்காக மிட்டாய் ஆர்டர்கள் குவியும் பருவம் அது. கிடங்கில் மிட்டாய் இருந்தது, கடைக்காரர்களிடமிருந்து ஆர்டரும் இருந்தது. இரண்டையும் சேர்த்து லாரியில் ஏற்றுவதற்குத்தான் கணினிக்குத் தெரியவில்லை. 100 மில்லியன் டாலருக்கு மேல் சரக்கு போய்ச் சேரவில்லை, அந்தக் காலாண்டு லாபம் 19 சதவீதம் சரிந்தது. உங்கள் கம்பெனி சின்னதுதான். ஆனாலும் முயற்சி திருவினையாக்கும்.

பழைய டேலியை அதே நள்ளிரவில் நிறுத்திவிடுங்கள். ஒரு மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கலாமே சார் என்று அக்கவுன்ட்ஸ் அம்மா கேட்டால், 'மாற்றத்துக்கு எதிர்ப்பு' என்று அவர் பெயருக்கு நேரே எழுதி வையுங்கள். பயிற்சி கட்டாயம் உண்டு. லோடு ஏற்றும் நேரம் பார்த்து, ஆங்கிலத்தில், ஒரு வீடியோ.

படி 4: எக்செல் வாழ்க

மூன்றே வாரத்தில் எல்லோரும் உண்மைக் கணக்கை எக்செலில் எழுதிவைத்து, மாலையில் ஈஆர்பிக்குள் தட்டச்சு செய்யத் தொடங்குவார்கள். அதற்கென்று ஒரு பையனைத் தற்காலிகமாக வேலைக்குப் போடுங்கள். தானியங்கி மயமாக்கலால் வேலைவாய்ப்பு பெருகும் என்று சொல்வது இதைத்தான்.

படி 5: எல்லாவற்றையும் வெளியே கொடுங்கள், சோதனையையும் சேர்த்து

ஜாப் ஒர்க் நம் ஊருக்குப் புதிதல்ல. வார்ப்பு ஓரிடம், கடைசல் ஓரிடம், வைண்டிங் ஓரிடம் என்று கொடுத்துத்தான் கோவை வளர்ந்தது. ஆனால் உங்கள் அப்பாவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பேட்டர்னும் டிராயிங்கும் தன் அலமாரியில் இருக்கும். எல்லாம் சேர்ந்து வந்ததும் ஒவ்வொரு பம்பையும் தன் டெஸ்ட் பெட்டில் தண்ணீர் விட்டு, எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு லிட்டர் வருகிறது, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்த பிறகுதான் பெட்டிக்குள் போகும். இதைச் செய்ததால் வெளியே வேலை கொடுத்தும் கம்பெனி அவர் கையில் இருந்தது.

நீங்கள் அப்படி இருக்கக் கூடாது. பேட்டர்னைப் பட்டறைக்காரரிடமே வைக்கச் சொல்லுங்கள், இடம் மிச்சம். டிராயிங்கை வாட்ஸாப்பில் அனுப்புங்கள், பேப்பர் மிச்சம். டெஸ்ட் பெட் இருக்கும் கொட்டகையில் அனுபவ மையம் கட்டி காபி மெஷின் வையுங்கள். பம்பைச் செய்தவரே சோதித்து, அவரே நல்ல பம்ப் என்று சான்றிதழும் கொடுத்துவிடுவார். இதுவரை எந்த வெண்டரும் தன் பம்ப் மோசம் என்று சான்றிதழ் கொடுத்ததில்லை. தரம் நூறு சதவீதம்!

பெரிய இடத்து உதாரணம் கேட்பீர்கள். போயிங் கம்பெனி 787 விமானத்துக்கு இறக்கையை ஜப்பானில், உடலை இத்தாலியிலும் ஜப்பானிலும் தென் கரோலினாவிலும் என்று பிரித்துக் கொடுத்தது. செய்வது மட்டுமல்ல, நுணுக்கமாக வடிவமைக்கும் வேலையையும் பெருமளவு சப்ளையர்களிடமே விட்டது. 2007 ஜூலை 8ஆம் தேதி, அமெரிக்க முறையில் 7/8/7 என்று பொருத்தம் பார்த்து, விமானத்தை வெளியே இழுத்து வந்து காட்டினார்கள். ஊரே கைதட்டியது. உள்ளே பெரும்பாலும் காலி. பிணைப்பாணிகள் கிடைக்காததால் பல இடங்களில் தற்காலிக ஆணிகளைப் போட்டு நிறுத்தியிருந்தார்கள். 2008 மே மாதம் கொடுப்பதாகச் சொன்ன முதல் விமானம் 2011 செப்டம்பரில்தான் போய்ச் சேர்ந்தது. நடுவே 2009இல், திணறிக்கொண்டிருந்த அந்தத் தென் கரோலினா சப்ளையர் ஆலையை போயிங்கே விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. வெளியே கொடுத்து மிச்சப்படுத்திய பிறகு, வெளியே இருப்பதையே வாங்குவது! இந்த உயரத்தை எட்டக் கொஞ்சம் முதலீடு வேண்டும்.

இன்னொரு பாடமும் இதில் இருக்கிறது. எல். ஜே. ஹார்ட்-ஸ்மித் என்ற போயிங் பொறியாளர், வேலையோடு சேர்ந்து லாபமும் சப்ளையரிடம் போய்விடும் என்று 2001லேயே கட்டுரை எழுதி எச்சரித்திருந்தார். அவரை யாரும் தடுக்கவில்லை. கேட்கவுமில்லை. உங்கள் ஆட்களையும் அப்படியே மனம்விட்டுப் பேச விடுங்கள். பேசினால் மனபாரம் குறையும்.

படி 6: ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்து போடுங்கள்

மூன்று கொட்டேஷன் வாங்கி, எது குறைவோ அதற்கு ஓகே சொல்லுங்கள். ஏன் குறைவு என்று கேட்பது அநாகரிகம்.

கிளவுட் கம்பெனிக்காரர் 99 சதவீத நேரம் சர்வர் ஓடும் என்று எழுதிக் கொடுப்பார். நம் பள்ளிக்கூடக் கணக்கில் 99 என்றால் வகுப்பில் முதல் மாணவன், உடனே கையெழுத்து போட்டுவிடுவீர்கள். விட்டுப்போன அந்த ஒரு சதவீதம் வருடத்துக்கு 87 மணி நேரத்துக்கு மேல் வரும், அதாவது மூன்றரை நாள். அந்த மூன்றரை நாள் மார்ச் 28ஆம் தேதி மதியம் தொடங்கினாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை. ஈ-வே பில் எடுக்க முடியாமல் லாரி கேட்டில் நிற்கும்போது, டிரைவருக்கு ஒப்பந்தத்தின் நகலைக் காட்டுங்கள்.

'புகாருக்கு நான்கு மணி நேரத்தில் பதில்' என்ற வரியையும் ஆசையோடு படியுங்கள். பதில் என்றுதான் இருக்கிறது, தீர்வு என்று இல்லை. 'உங்கள் டிக்கெட் எங்களுக்கு முக்கியம்' என்று நான்கே நிமிடத்தில் பதில் வந்துவிடும்.

வைண்டிங் செய்துகொடுக்கும் சிறு பட்டறைக்குப் பணத்தை மட்டும் இழுத்தடியுங்கள். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு தொழிற்கூடங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தவறினால், கொடுக்கும்வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது என்று 2024 ஏப்ரலிலிருந்து இன்னொரு பிடியும் வந்துவிட்டது. வழி இல்லாமல் இல்லை. 'உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வாங்க, ஆர்டர் தொடரும்' என்று சொல்லுங்கள். அவர் தாமிரக் கம்பிக்குப் பணமில்லாமல் மட்ட ரகக் கம்பியைச் சுற்றுவார். உங்களுக்குத் தெரியப்போவதில்லை. டெஸ்ட் பெட்டில்தான் காபி மெஷின் இருக்கிறதே.

படி 7: போன் எடுக்கும் அம்மாவுக்குப் பதில் சாட்பாட்

இதுதான் மகுடம். பொறுமையாகச் செய்யுங்கள்.

உங்கள் சர்வீஸ் பிரிவில் ஒரு அம்மா பல வருடமாகப் போன் எடுக்கிறார். காங்கேயத்திலிருந்து ஒரு விவசாயி கூப்பிட்டு, "ஏனுங்க, மோட்டார் ஓடுது, தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் வருதுங்க" என்பார். அம்மா முதலில் கேட்பது: "ஈ.பி. காரங்க லைன்ல ஏதாச்சும் வேலை பாத்தாங்களாங்க?" ஆமாம் என்று பதில் வரும். "அப்ப ஃபேஸ் மாறியிருக்கும், மோட்டார் திருப்பிச் சுத்துது. ஸ்டார்ட்டர்ல இருந்து மோட்டாருக்குப் போற ஒயர்ல ரெண்டை மட்டும் மாத்திப் போடச் சொல்லுங்க, கரன்ட்டை நிறுத்திட்டு." ஐந்து நிமிடம். பம்ப் இறைக்கும், விவசாயி தன் மச்சானுக்கும் உங்கள் பம்பையே வாங்கச் சொல்வார்.

இதெல்லாம் செலவு. அம்மாவை அனுப்பிவிட்டு, 24 மணி நேரமும் தூங்காத சாட்பாட் வையுங்கள். அதே விவசாயி அதே கேள்வியைக் கேட்கட்டும். "தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம். மோட்டாரை வெளியே எடுத்து இம்பெல்லரைச் சோதிக்கவும்" என்று செந்தமிழில் சொல்லும். மோட்டார் இருப்பது 800 அடி ஆழத்தில். எடுப்பதற்கு வண்டி வாடகை, ஆள் கூலி, ஒரு நாள் பொழப்பு. எடுத்துப் பார்த்தால் இம்பெல்லர் தங்கம் மாதிரி இருக்கும். திரும்ப இறக்கினாலும் மோட்டார் திருப்பித்தான் சுற்றும். அதற்குள் சாட்பாட், 'எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்று கேட்டிருக்கும்.

ஸ்வீடனின் கிளார்னா கம்பெனி 2024 பிப்ரவரியில், தங்கள் ஏஐ உதவியாளர் 700 முழுநேர ஊழியர்களின் வேலையைச் செய்கிறது என்று அறிவித்தது. அந்தச் செய்தியை வெட்டி உங்கள் அறையில் ஒட்டுங்கள். அடுத்த வருடமே அதன் தலைவர், செலவைக் குறைப்பதிலேயே குறியாக இருந்ததில் தரம் இறங்கிவிட்டது, மறுபடியும் மனிதர்களை எடுக்கிறோம் என்றார். அந்தச் செய்தியை ஒட்ட வேண்டாம், சுவரில் இடமிருக்காது.

பாட் தப்பாகச் சொல்லி யாராவது வழக்குப் போட்டால்? ஏர் கனடா வழி காட்டியிருக்கிறது. குடும்பத்தில் துக்கம் என்று பயணம் போகிறவர்களுக்கான சலுகைக் கட்டணத்தைப் பிறகு விண்ணப்பித்தும் வாங்கலாம் என்று அதன் சாட்பாட் ஒரு பயணியிடம் சொன்னது. கம்பெனியின் விதியோ அப்படி இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயத்தில் ஏர் கனடா வைத்த வாதங்களில் ஒன்று, சாட்பாட் சொன்னதற்குச் சாட்பாட்தான் பொறுப்பு என்பது. அற்புதமான வாதம், 2024 பிப்ரவரியில் தோற்றுவிட்டது. உங்கள் வக்கீலிடம் மறுபடி முயன்று பார்க்கச் சொல்லுங்கள்.

பாட் சரியாகவே வராவிட்டாலும் மனம் தளராதீர்கள். அமெரிக்காவில் காரில் வருகிறவர்களிடம் ஏஐ குரல் ஆர்டர் எடுக்கும் என்று விற்ற பிரெஸ்டோ கம்பெனி, எழுபது சதவீதத்துக்கு மேற்பட்ட ஆர்டர்களில் பிலிப்பைன்ஸ் மாதிரியான இடங்களில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் கை கொடுக்கிறார்கள் என்று 2023இல் பங்குச் சந்தை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. நீங்களும் செய்யலாம். அனுப்பிவைத்த அந்த அம்மாவையே கான்ட்ராக்டர் மூலமாக, பாதிச் சம்பளத்துக்கு, சாட்பாட்டுக்குப் பின்னால் உட்கார வையுங்கள். அவர் பேசக் கூடாது, தட்டச்சு மட்டும். பெயரும் மாற்றிவிடுங்கள், 'ஸ்மார்ட் சகி'.

படி 8: சாவியை எல்லோருக்கும் கொடுங்கள்

ஈஆர்பி வெண்டர், பாட் வெண்டர், சம்பளப் பட்டியல் போடும் வெண்டர் எல்லோருக்கும் ஒரே அட்மின் கடவுச்சொல். ஞாபகம் வைப்பது சுலபம். பழைய வெண்டரை மாற்றினால் அவர் மனம் புண்படும்படி கடவுச்சொல்லை மாற்றாதீர்கள்.

டீலர், விவசாயி பெயர், நம்பர் எல்லாம் வெளியே போய்விட்டால் வெண்டர் மேல் பழி போடுங்கள். இதில் ஒரு சிறு இடைஞ்சல். 2023ஆம் வருடத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலையை யாரிடம் கொடுத்திருந்தாலும், ஒப்பந்தத்தில் எப்படி எழுதிக்கொண்டிருந்தாலும், பொறுப்பு உங்களுடையதே என்கிறது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டிலும் இதே இடைஞ்சல்தான்: பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியபோது, 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் தவித்தார்கள். வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம். அதோடு விட்டார்களா? சப்ளையர் தயாராக இருக்கிறாரா என்று சரியாக உறுதிசெய்யவில்லை என்று, அப்போதைய தொழில்நுட்பத் தலைவரின் சொந்தப் பையிலிருந்து 81,620 பவுண்டு வாங்கினார்கள்.

ஆகவே தொழில்நுட்பத் தலைவர் என்று ஒரு பதவியை உருவாக்கி, உங்கள் மைத்துனரை உடனே அதில் உட்கார வையுங்கள்.

படி 9: டாஷ்போர்டைப் பாருங்கள், தொழிற்சாலைப் பக்கம் போகாதீர்கள்

உங்கள் அறையில் பெரிய திரை மாட்டுங்கள். டிக்கெட் மூடிய வேகம் பச்சை. தரச் சான்றிதழ் பச்சை. விற்பனை மட்டும் சிவப்பாக இருந்தால், விற்பனையைக் காட்டும் பெட்டியை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள். டாஷ்போர்டு வெண்டர் அதற்குத் தனியாக பில் போடுவார், கொடுத்துவிடுங்கள்.

படி 10: பங்காளியாகுங்கள்

இதற்குள் உங்கள் பேட்டர்ன், டிராயிங், டெஸ்ட், டீலர் பட்டியல் எல்லாம் ஒரே வெண்டரிடம் சேர்ந்திருக்கும். அவர் தன் சொந்தப் பெயரில் பம்ப் போடுவார். கோபப்படாதீர்கள், உலக வழக்கம்தான். தைவானின் ஆசுஸ் மற்றவர்களுக்குக் கணினிப் பாகங்கள் செய்துகொடுத்துக்கொண்டே தன் பெயரில் மடிக்கணினி விற்கத் தொடங்கிய கம்பெனி. உங்கள் வெண்டர் நல்ல மனிதர், பழக்கத்துக்காகக் கூப்பிட்டு, "சார், பெயின்ட் அடிக்கறது, ஸ்டிக்கர் ஒட்டறது, பெட்டி போடறது மட்டும் நீங்க எடுத்துக்கறீங்களா?" என்பார். அவருடைய ஸ்டோர்ஸ் பக்கம் போனால் ஒரு பழைய அண்ணன் வார்ப்பைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார், வணக்கம் சொல்லுங்கள்.

வெண்டர் பதிவுப் படிவம் மெயிலில் வரும். பான், ஜிஎஸ்டி எண், ரத்து செய்யப்பட்ட காசோலை, உத்யம் பதிவு இல்லை என்று ஓர் உறுதிமொழி. 'சொந்த உற்பத்தி வசதி உண்டா?' என்ற இடத்தில் தயங்காமல் 'உண்டு' என்று டிக் போடுங்கள். சரிபார்க்கும் வேலையை அவரும் வெளியேதான் கொடுத்திருக்கிறார்.